தண்ணீர் குடிக்காத கட்டை

(ஐடஹோ மாநிலம் போய்ஸியில், தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



மேசைமேல் மூன்று கட்டைகள் கிடக்கின்றன. குழல் இல்லை, விசை இல்லை, போல்ட் இல்லை. வேட்டைத் துப்பாக்கியில் இரும்பையெல்லாம் கழற்றிவிட்டால் மிஞ்சுவது இதுதான். இங்கே ஸ்டாக் என்கிறார்கள். நம்மூரில் துப்பாக்கிக் கட்டை என்போம். மரத்தைத் தவிர வேறெதிலும் இதைச் செய்ய முடியும் என்று யாரும் நினைக்காத காலத்துப் பெயர் அது.

காலையில் சமையலறைத் தராசில் மூன்றையும் நிறுத்தேன். வால்நட் மரத்தில் கடைந்தது 1,040 கிராம். அடுத்த இரண்டும் கண்ணாடியிழை, ஃபைபர்கிளாஸ். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்தவை. என் கைக்கு வந்தபோது இரண்டும் 620 கிராம்தான். இன்றைக்கு ஒன்று 735, மற்றது 655. இந்த 80 கிராம் வித்தியாசத்தை உண்டாக்கியது நான்தான். என் பேச்சில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

வேட்டை என்றதும் சிலருக்கு மனம் ஒப்பாது. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். அங்கே அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். இங்கே உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்குள் ஆடலாம். 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் தயாரிப்பாளர் கட்டும் 11 சதவீதக் கலால் வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே போய்ச் சேருகிறது. ஆனால் சட்டம் அனுமதித்துவிட்டதால் மட்டும் வேட்டைக்காரனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. குறி வைத்த இடத்தில் குண்டு பட வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பட்டால், அந்த மான் காயத்தோடு ஓடி ஏதோ ஒரு பள்ளத்தில் இரவெல்லாம் துடித்துச் சாகும். அப்படி ஒன்று என் கையால் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டைகளோடு இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அக்கரைப்பேட்டைக்காரன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கட்டுமரம் இருந்தது. கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் அலையில் எழும்பாது. ஓயாமல் தண்ணீரைக் குடிப்பதும் காய்வதும்தான் மரத்தின் இயல்பு என்பது எழுத்து தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், ஒரு துப்பாக்கி அதையே செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள நான் ஐடஹோவின் நடுக்காட்டில் மூன்று நாள் நனைய வேண்டியிருந்தது.

அந்தக் காட்டின் பெயர் ஃபிராங்க் சர்ச் ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன். 1980இல் காப்புக் காடாக அறிவித்தார்கள். 23 லட்சம் ஏக்கருக்கு மேல். வண்டிச் சக்கரம் உள்ளே உருளக் கூடாது. நடக்கலாம், குதிரையில் போகலாம். குதிரைக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. முதுகில் கூடாரம், சோறு, துணி. தோளில் இந்த வால்நட் கட்டை போட்ட துப்பாக்கி. ஸ்கோப்பையும் வாரையும் சேர்த்தால் நாலு கிலோவை நெருங்கும். அக்டோபர் மாதம். முதல் நாள் மழை, மறுநாள் பனியும் மழையும் கலந்து, மூன்றாம் நாள் திரும்ப மழை. நாலாம் நாள் காலை வானம் வெளுத்தது. ஓர் ஆண் மியூல் மான், நூறு கஜத் தொலைவு, பக்கவாட்டில் நிற்கிறது. சுட்டேன். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்தே போனது. முதுகுக்கு மேலே குண்டு போயிருக்கிறது.

கூடாரத்துக்கு வந்து, அட்டைப் பெட்டியில் ஒரு வட்டம் வரைந்து, அதே நூறு கஜத்தில் படுத்துச் சுட்டேன். வட்டத்துக்கு வெகு மேலே, கொஞ்சம் இடப்பக்கம். ஊரிலிருந்து கிளம்பும்போது நடு வட்டத்தில் சுட்ட துப்பாக்கி அது. பிறகு ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டையின் முன்நுனிக்கும் நடுவே செருகிப் பார்த்தேன். நோட்டு நுழையவில்லை. கிளம்பும் முன் இதே நோட்டு வழுக்கிக்கொண்டு போனது. மூன்று நாளில் மரம் ஊறிப் பெருத்து, குழலை ஒரு பக்கமாக முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். பச்சை வால்நட் முழுக்கக் காயும்போது, இழைக்குக் குறுக்கே, வளையத்தை ஒட்டிய திசையில் 7.8 சதவீதம் சுருங்கும். அதாவது ஈரப்பதம் நாலு சதவீதம் கூடினாலே ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பெருக்கும். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டையில் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். டாலர் நோட்டின் கனமோ 0.1 மில்லிமீட்டர்தான். கட்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பெருத்தாலாவது சமாளிக்கலாம். இழை ஓடும் விதத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் பெருத்து, கட்டை முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் பூசினால் தண்ணீர் இறங்கும் வேகம் குறையும், அடியோடு நிற்காது.

அன்றைக்கு அந்த மானுக்கு ஒன்றும் ஆகாதது அதன் நல்ல காலம். என் கையிலிருந்த எதுவும் அதற்குக் காரணமில்லை. ஊர் திரும்பிய வாரமே ஃபைபர் கட்டைக்குப் பணம் கட்டினேன்.

இந்தச் சிக்கலை எனக்கு முன்னால் தீர்த்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் தீர்த்தவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை, மேசைமேல் துப்பாக்கியை வைத்து ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையில் போடப் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள். அவர்கள் போட்டியில் எடைப் பிரிவு உண்டு. ஒரு பிரிவில் ஸ்கோப்பையும் சேர்த்துப் பத்தரைப் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. கட்டையில் அரைப் பவுண்டை மிச்சம் பிடித்தால் அதைக் குழலின் கனத்தில் போடலாம். கனத்த குழல் குறைவாக அதிரும். 1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில் செட் பிரவுன், லீ சிக்ஸ் என்ற இருவர் கண்ணாடியிழையில் கட்டை வார்க்கத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். எடைக்காகப் போனவர்களுக்கு, மழையானாலும் வெயிலானாலும் குறி மாறாத கட்டையும் கூடவே கிடைத்தது.

அதே காலத்தில் அமெரிக்க மரைன் படை வியட்நாமில் பாடம் படித்துக்கொண்டிருந்தது. 1966இல் அவர்கள் எடுத்துக்கொண்ட எம்40 குறிபார்ப்புத் துப்பாக்கி, ரெமிங்டன் 700ஐ அடிப்படையாகக் கொண்டது, மரக் கட்டை போட்டது. அந்த நாட்டுப் புழுக்கத்தில் மரம் ஊறி வளைந்தது. 1970களில் அதை எம்40ஏ1 என்று மாற்றிக் கட்டியபோது, கேல் மெக்மில்லன் வார்த்த கண்ணாடியிழைக் கட்டை ஏறியது.

மலை வேட்டைக்காரர்களுக்கு உண்மையில் வழி திறந்தவர் என்று நான் கருதுவது மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸை. 1980களின் நடுவில் அவர் செய்த துப்பாக்கி, ஸ்கோப் இல்லாமல் ஐந்து பவுண்டுச் சுற்றில் நின்றது. கட்டை மட்டும் ஒரு பவுண்டு அளவுதான். கெவ்லரும் கார்பன் இழையும் கலந்து, குழலைவிடக் கட்டை விறைப்பாக இருக்கும்படி வார்த்தார். குழல் எங்கும் தொடாமல் தொங்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் குழலின் முழு நீளத்தையும் கட்டையில் படிய வைத்தார். மரத்தில் இதைச் செய்தால் மழைக்கு மழை குறி மாறும். மாறாத பொருள் கையில் கிடைத்ததால் அவரால் அந்த விதியையே திருப்பிப் போட முடிந்தது.

கடையில் கறுப்பாக மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் எல்லாம் ஃபைபர்கிளாஸ் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சி வார்ப்பவை. அந்த வழியிலும் நல்லவை உண்டு. 1959இல் ரெமிங்டன் வெளியிட்ட நைலான் 66 பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் மலிவுக் கட்டையின் முன்பகுதியை விரல்களால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். வாங்குவதற்கு முன் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

சரி, கண்ணாடியிழையில் கட்டையின் எடை எப்படிக் குறைகிறது? கன சென்டிமீட்டருக்கு நிறுத்தால் அது மரத்தைவிடக் கனம். வால்நட் 0.6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பிசினும் இழையும் சேர்ந்த தகடு அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் அது வலுவானதால் மெல்லிய ஓடாக வார்க்கலாம். கட்டையை இடது, வலது என்று இரு பாதியாக அச்சில் படிய வைத்து, ஒட்டி, உள்ளே நுரையை நிரப்புகிறார்கள். விசைக்கும் குழலின் அடிக்கும் இடம் வரும் நடுப்பகுதியில் மட்டும் இழையைத் திணித்துக் கெட்டியாக்குவார்கள். எங்கள் ஊர் ஃபைபர் போட்டும் இதே பொருள்தான். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் அவைதான் நிறைந்தன. உடைந்தவற்றை ஒட்டும் வேலையைச் சித்தப்பா செய்தார். லீவு நாட்களில் நான் மேட்டு என்ற கண்ணாடியிழைப் பாயை வெட்டிக் கொடுப்பேன், ரெசின் என்ற பிசினில் அதை இறுக்கும் ஹார்டனரைச் சொட்டு எண்ணி விடுவேன்.

எடை குறைவதற்கு ஒரு விலை உண்டு. ஒரே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை குறையக் குறையப் பின்னுதை கூடும். எட்டுப் பவுண்டை ஆறு பவுண்டாக்கினால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணைச் சிமிட்டுவான், குறி தவறும். ஆகையால், இருப்பதிலேயே லேசான கட்டையை வாங்காதீர்கள். உங்கள் தோள் பயப்படாத எடையை வாங்குங்கள். முதுகுக் கோடு நேராக ஓடும், அடிப்பாகம் அகலமான கட்டை உதையைத் தோள் முழுக்கப் பரப்பும்.

இனி என் 80 கிராமுக்கு வருகிறேன்.

பட்டறையிலிருந்து வரும் கட்டை அழகாக இருக்காது. இரு பாதியும் ஒட்டிய இடத்தில் வரப்பு மாதிரி ஒரு கோடு. மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள். ரெசினில் சிக்கிய காற்றுக் குமிழ் விட்டுப்போனவை. வண்ணம் கிடையாது. முதல் கட்டை வந்த அன்றே எனக்குப் பொறுக்கவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கார்களுக்கு வைக்கும் பட்டியைக் குழைத்து முழுக்க இழுத்தேன். தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, பிரைமர் மூன்று கோட், அதற்கு மேல் சொரசொரப்பான பெயின்ட் நாலு கோட். பார்க்கக் கடையில் வாங்கியது போலவே இருந்தது. தராசில் 115 கிராம் ஏறியிருந்தது.

ஏறியதோடு நின்றால்கூடப் போகட்டும். இரண்டாவது பருவத்தில், கைபிடிக்கும் இடத்தில் நகம் பட்டு ஒரு கீற்று கிளம்பியது. இழுத்தால் வெங்காயத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் ஓடு பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்த நொடியில் சித்தப்பாவின் குரல் காதில் விழுந்தது. எந்தப் போட்டில் கைவைத்தாலும் முதலில் அவர் கேட்பது, ‘மெழுகு தொடைச்சியாடா?’

வார்ப்பு அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சுக்கு மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகு வார்ப்பின் மேலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால், மெழுகு போகாது. தேய்த்த கீறல்களுக்குள் நன்றாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பெயின்டும் பிடிக்காது. சிறுவயதில் தெரிந்த விஷயத்தை வளர்ந்த பிறகு அவசரத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கட்டைதான் இது. உரிந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன், தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கட்டையில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு கார் பட்டறையில் கிடைக்கும் மெழுகு நீக்கும் திரவத்தை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் மெழுகு இடம் மாறுமே தவிர வெளியேறாது. மூன்று முறை செய்தேன். கட்டைமேல் தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் பரவி ஓட வேண்டும். ஓடினால் மெழுகு போய்விட்டது. அதற்குப் பிறகே 150ஆம் எண் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு. காயத் தேய்த்தால் கண்ணாடித் தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தொட்டாலும் மூக்குக்கு முகமூடி வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும். வெறுங்கையில் தேய்த்த இரவு அரிப்பில் தூக்கம் வராது.

பட்டியை முழுக்க இழுக்கவில்லை. விளக்கைக் கட்டைக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு துளைக்கும் நிழல் விழும். நிழல் விழுந்த இடத்தில் மட்டும், தீக்குச்சி முனையால் பட்டியை அழுத்தினேன். அழுத்த வேண்டும், மேலோடு தடவினால் உள்ளே காற்று நின்று, பெயின்ட் அடித்த மறுநாள் அதே இடத்தில் துளை திறக்கும். மூன்று மாலைகள் இதற்கே போயின. அதற்குப் பிறகு 220, 320. பிரைமர் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி தேய்ப்பில் போயிற்று. மேலே இரண்டு கோட். ஏறியது 35 கிராம்.

எந்தப் பெயின்ட் என்று கேட்பீர்கள். கார்களுக்கு அடிக்கும் இருபொருள் பாலியூரிதேன்தான் நிலைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைத் துளித்துளியாகத் தெளித்த காற்றைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் வாழ்நாளுக்கும். வீட்டுக் கொட்டகையில், துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். தேய்ப்பு வேலை முழுவதையும் நீங்களே முடித்துவிட்டு, தெளிப்பதை மட்டும் கார் பெயின்ட் பட்டறையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சாதாரண டப்பா ஸ்பிரேயும் காட்டில் தாங்கும், ஒரு பகையைத் தவிர: கொசு விரட்டி. டீட் கலந்த தைலத்தைக் கையில் பூசிக்கொண்டு கட்டையைப் பிடித்தால் பெயின்ட் இளகிப் பிசுபிசுக்கும், உங்கள் கைரேகை அதில் பதியும்.

வெளிப்பூச்சைவிட முக்கியமானது உள்ளே, இரும்பு உட்காரும் படுக்கை. பெட்டிங் என்பார்கள். இதை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் குண்டு போகும் இடத்தைத் தீர்மானிப்பது இதுதான். திருகாணி இறங்கும் இரு இடத்திலும் அலுமினியக் குழாய்த் துண்டுகளை நிறுத்த வேண்டும். அவை இல்லையென்றால் திருகாணியை முறுக்க முறுக்க ஓடும் நுரையும் நசுங்கிக்கொண்டே போகும். பிறகு எபாக்சியைக் குழைத்து ஊற்றி, அதன் மேல் இரும்பைப் படிய வைத்து, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். எபாக்சி இரும்பின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். இந்த முறை மெழுகு தேவை: இரும்பு முழுக்க, ஒவ்வொரு இடுக்கிலும் பூச வேண்டும். ஓட்டைகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஓர் இடுக்கை விட்டாலும் துப்பாக்கியும் கட்டையும் ஒன்றாகிவிடும். ரீகாயில் லக் என்ற முன்பல்லின் பின்முகம் மட்டும் எபாக்சியில் அழுந்த வேண்டும். முன், பக்கம், அடி மூன்றுக்கும் டேப் ஒட்டி இடைவெளி விடுவேன். மறுநாள் இரும்பு வர மறுத்தால் அடிக்கக் கூடாது. ஃபிரீஸரில் ஒரு மணி நேரம் வைத்தால், இரும்பு சுருங்கி ‘டக்’கென்று விடும்.

வார் மாட்டும் வளையத்தை நுரையில் திருகாதீர்கள். மரத்தில் பிடிக்கும் திருகாணி நுரையில் பிடிக்காது. பாறைமேல் நடக்கும்போது பிய்ந்துகொண்டு துப்பாக்கி கீழே போகும். அந்த இடத்தில் கெட்டியாக வார்த்திருக்கிறார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் துளையை அகலமாகத் தோண்டி, எபாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு திருகுங்கள்.

வைத்துக்கொண்டு வாழ்வதில் ஃபைபர் கட்டைக்குச் சில குறைகள் உண்டு. கிளை உரசினால் மரம் முனகும். இது முரசு மாதிரி சத்தம் போடும், மான் காதுக்கு அது வெகுதூரம் கேட்கும். பனிக்காலைக் குளிரில் கன்னத்தை வைத்தால் சுரீர் என்று இருக்கும். காட்டுக்குப் போகும்போது அந்த இடத்தில் மெல்லிய தோல் ஒட்டிக்கொள்வேன், 12 கிராம், அதற்கு நான் வருத்தப்படவில்லை. வால்நட்டின் அழகு இதில் ஒருநாளும் வராது. எனக்கு முந்திய தலைமுறை மலை வேட்டைக்காரர்களுக்கு ஆசான் போல இருந்த எழுத்தாளர் ஜாக் ஓ’கானர், ஸ்போகேனில் அல் பீசன் கடைந்த வால்நட் கட்டைகளோடுதான் மலை ஏறினார். அவற்றின் படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது. என் வால்நட் கட்டையை விற்கவில்லை. வெயில் காலத்தில் அட்டையைச் சுட அதைத்தான் எடுத்துப் போகிறேன், வருஷத்துக்கு இருமுறை எண்ணெய் தடவுகிறேன்.

அந்தக் காட்டுக்குப் பிறகும் பலமுறை போனேன். ஒரு முறை ஐந்து நாள் மழை. ஐந்தாம் நாள் மாலை, சுடுவதற்கு முன்பே டாலர் நோட்டைச் செருகினேன். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை ஒரே குண்டு. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கறிதான்.

நேரம் ஆகிவிட்டது. மூன்றையும் உங்கள் கையில் கொடுக்கிறேன். சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்த பிறகு கண்ணைத் திறங்கள். உங்கள் பார்வை கட்டையின் முதுகோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். 655 கிராம் கட்டையில், கைப்பிடிக்குக் கீழே, பெருவிரல் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துளையை விட்டுவிட்டேன். விளக்கை எப்படிப் பிடித்தும் கண்ணில் படவில்லை. பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு நகத்துக்குத்தான் தட்டுப்பட்டது.